ஏதென்ஸ் காற்று கெட்டதுக்குக் காரணம் மலையா, மனுஷனா?

கிப்செலிவாசி:
மத்தியதரைக்கடல் ஊர்னாலே சுத்தமான கடல்காத்துன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். ஏதென்ஸ்ல 14 வருஷமா இருக்கேன், அது பாதிதான் உண்மை. வடக்க பார்னிதா மலை, 1,413 மீட்டர் உயரம். வடகிழக்க பெண்டெலி, கிழக்க இமிட்டோஸ், மேற்க எகாலியோ. தென்மேற்க மட்டும் சரோனிக் வளைகுடா திறந்து கிடக்கு. ஒரு பக்கம் விளிம்பு உடைஞ்ச கிண்ணத்துக்குள்ள ஊரைக் கொட்டின மாதிரி. ஜூலை, ஆகஸ்டுல மெல்தேமின்னு வடகாத்து அடிச்சா வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். காத்து நின்னா புகையும் நின்னுடும். இந்த ஊருக்கு விதி எழுதினது மலைதான்ங்கறது என் கருத்து.

வேதியியல் டீச்சர்:
தம்பி, இதை ஏத்துக்கவே முடியல. மலை அங்கேயேதான் இருக்கு. ஆனா 2012 அக்டோபர்ல வீட்டைச் சூடாக்குற எண்ணெய்க்கு வரியை டீசல் அளவுக்கு ஏத்தினாங்க. சம்பளம் குறைஞ்சுபோன காலம் வேற. அந்தக் குளிர்காலம் என்ன ஆச்சுன்னு நீங்கதான் கண்ணால பார்த்திருப்பீங்களே?

கிப்செலிவாசி:
பார்த்தேங்க்கா, மறக்க முடியாது. எங்க அடுக்குமாடியில கொதிகலனையே நிறுத்திட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல தெருவெல்லாம் விறகுப் புகை. சிலர் பழைய கதவு, அலமாரியெல்லாம் உடைச்சு எரிச்சாங்க, வார்னிஷ் கருகுற நாத்தம் தொண்டையில ஒட்டிக்கும். பால்கனியில காயப்போட்ட துண்டைக் காலையில எடுத்தா அதுலயும் அதே நாத்தம்.

ஆனா தினமும் அப்படி இல்லையே! காத்தடிச்ச ராத்திரி ஒண்ணும் தெரியாது. ஜனவரி நடுவுல இங்க 'அல்கியோனிடெஸ்' நாட்கள் வரும். மீன்கொத்தி முட்டையிட்டு அடைகாக்கறதுக்காகக் கடலே அடங்கிக் கிடக்கும்னு பழங்கதை. பளிச்னு வெயில், துளிக் காத்து இருக்காது. அந்த ராத்திரிகள்லதான் தரை சீக்கிரம் குளிர்ந்து, குளிர்காத்து கீழேயும் வெதுவெதுப்பான காத்து மேலேயும் மூடி மாதிரி நிக்கும். புகை மேலே போகவே வழியில்ல. ஊரே கொண்டாடுற அழகான நாள்தான் மூச்சுக்கு மோசமான நாள்.

வேதியியல் டீச்சர்:
மூடி இருக்குன்னு தெரிஞ்சும் அடியில அடுப்பு மூட்டினது யாரு? அதான் என் கேள்வி. ஏதென்ஸ் நடுவுல பழைய கோயில்கள் இருக்கற அக்ரோபோலிஸ் குன்றுல, தூண் மாதிரி கூரையைத் தாங்கி நின்ன கரியாடிட் பெண் சிலைகளை 1979ல கழட்டி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாங்க. கந்தகப் புகை பளிங்கை ஜிப்சமாக்கி உதிர வெச்சதால. அதே மலைகளுக்கு நடுவுல ரெண்டாயிரத்து நானூறு வருஷம் தாங்கின முகங்கள், சில பத்து வருஷத்துல கரைஞ்சுது.

கப்பல்காரன்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ஏதென்ஸோட பிரேயஸ் துறைமுகத்துக்குப் பலமுறை வந்திருக்கேன். டீச்சர் பக்கம்தான் நான். ஐரோப்பியத் துறைமுகங்கள்ல கப்பல் கட்டி நிக்கும்போது 0.1 சதவீதக் கந்தகத்துக்கு மேல உள்ள எண்ணெய் எரிக்கக் கூடாதுன்னு 2010லயே விதி வந்தாச்சு. 2025 மே 1லேர்ந்து மத்தியதரைக்கடல் முழுக்கவே அந்த அளவுதான், முன்னாடி 0.5 இருந்தது. விதி போட்டா புகை குறையுது. மலையை நகர்த்த வேண்டியதில்ல.

கிப்செலிவாசி:
சரி அண்ணா, 2024 ஏப்ரல் 23க்கு எந்த விதி போடுவீங்க? தென்காத்து சஹாரா மண்ணை அள்ளிட்டு வந்துச்சு. சாயங்காலம் அக்ரோபோலிஸ் ஆரஞ்சு நிறத்துல நின்னுச்சு. பால்கனிக் கம்பியில விரலை வெச்சா மஞ்சள் மாவு. ஒவ்வொரு வசந்த காலமும் கொஞ்சமாவது வரும்.

வேதியியல் டீச்சர்:
அதுல நீங்க சொல்றது சரி. ஐரோப்பிய விதியும் பாலைவனத் தூசியைக் கணக்குலேர்ந்து கழிச்சுக்க அனுமதிக்குது. எனக்கு அதுதான் வருத்தம். தாளில் கழிச்சாலும் ஆஸ்துமா உள்ள பிள்ளை அதையும் சேர்த்துத்தானே இழுக்குது? தூசி வர்ற நாள்ல வண்டிப் புகையையாவது குறைக்கணும்.

கோடையையும் பாருங்க. நெரிசல் மிகுந்த பாட்டிசியன் சாலையைவிட வடக்கே மாரூசி பக்கம் மூச்சைக் கெடுக்கற ஓசோன் வாயு அதிகம். நகர நடுவுல வண்டி விடுற நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்னுடும். மிச்ச வாயுக்களைக் கடல்காத்து வடக்கே தள்ளிட்டுப் போக, வெயில்ல வெந்து அங்க ஓசோனாகுது. பக்குவம் பண்றது வெயில், ஆனா அதுக்கான சரக்கைக் கொடுக்கறது வண்டிப் புகை.

கிப்செலிவாசி:
இதைத்தான் நானும் சொல்றேன். காத்து போற வழி தெரியாம 1982ல வண்டி நம்பர் ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு பார்த்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நகர நடுவுல மட்டும் வண்டியைத் தடுத்தாங்க. பலர் ரெண்டாவது கார் வாங்கிட்டாங்க. முதல்ல நிலத்தைப் படிக்கணும், அப்புறம் சட்டம். இதுல நான் மாறப்போறதில்ல.

அதை விடுங்க, ஒண்ணு கேக்கணும். என் பொண்ணுக்கு இழுப்பு இருக்கு. ஜன்னலை எப்போ திறக்கறது?

வேதியியல் டீச்சர்:
குளிர்காலத்துல மதியம், வெயில் ஏறி அந்த மூடி கலைஞ்ச பிறகு. இருட்டினதும் சாத்திடுங்க. கோடையில விடியற்காலை, வண்டி ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. பிற்பகல்ல வெளியில ஓடி விளையாட விடாதீங்க. தூசி நாள்ல திறக்கவே வேணாம், பால்கனியை ஈரத்துணியால துடைங்க, பெருக்கினா திரும்பப் பறக்கும்.