மவுண்ட் கென்யா ஏறினவங்க, அடிவாரத்துல இருந்தவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பயணப்பித்தன்:
நைரோபி வந்த நம்ம ஆளுங்க எல்லாரும் கிளிமஞ்சாரோவுக்குத்தான் ஓடுறாங்க, பக்கத்துலயே 5,199 மீட்டர்ல ஒரு மலை நிக்குது, யாரும் பெருசா பேசுறதில்ல, அதான் நானே ஆரம்பிக்கிறேன். சிரிமோன் கேட் வழியா ஏறினோம். மெக்கிண்டர் பள்ளத்தாக்குல விடியக்காலைல நடக்கும்போது ரெண்டு பக்கமும் ராட்சத லொபீலியா, சிலது என் உயரத்தைத் தாண்டி நிக்குது. கீழ்ப்பக்கம் இலையெல்லாம் வட்டமா அடுக்கி நடுவுல தண்ணி தேங்கியிருக்கு, மேல மெல்லிசா ஐஸ் கட்டியிருந்துச்சு. கைடு தம்பி அந்தத் தண்ணிக்குள்ள கையை விடாதீங்கன்னாரு. மேல மட்டும்தான் உறையுமாம், அடியில தண்ணி தண்ணியாவே இருந்து உள்ள இருக்குற குருத்தை ராத்திரி குளிர்லேர்ந்து காப்பாத்துமாம். அங்க பகல்ல வெயில் சுடுது, ராத்திரி உறையுது, தினம் தினம் இதேதான், அதுல ஒரு செடி இப்படி வழி கண்டுபிடிச்சிருக்கு பாருங்க, எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசே வரல. பூவுல தேன் குடிக்க பச்சையா மின்னுற ஒரு தேன்சிட்டு வந்துச்சு, நாலாயிரம் மீட்டர்ல!

அப்புறம் பாறை ஹைராக்ஸ். பெரிய எலி மாதிரி இருக்கும், ஆனா சொந்தக்காரங்க யானையும் கடல்பசுவும்தான்.

கல்லும்_மண்ணும்:
அருமைங்க. நான் ஜியாலஜி ஆளு, ஒண்ணு சேர்த்துக்கிறேன். மேல போனா எரிமலை வாய் இருக்கும்னு நினைச்சுப் போறவங்க தேடிட்டு வருவாங்க, அங்க வாயே கிடையாது. சுமார் 31 லட்சத்துல இருந்து 26 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் கக்கின எரிமலை இது, அப்புறம் அணைஞ்சு போச்சு. கடைசியா எரிமலையோட குழாய்க்குள்ள நின்னுபோன பாறைக்குழம்பு மெதுவா ஆறி ரொம்ப கெட்டியா இறுகிடுச்சு, சுத்தி இருந்த சாம்பலையும் லாவாவையும் பனியாறு வழிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. மிஞ்சின அடைப்புதான் நீங்க பார்த்த பாட்டியான், நெலியான்ங்கிற ரெண்டு உச்சிச் சிகரமும். அதனாலதான் அது ரெண்டுக்கும் கயிறு கட்டி ஏறணும், நடந்து போறவங்க 4,985 மீட்டர் லெனானா சிகரத்தோட நின்னுடுவோம்.

நான் லெனானால நின்னு லூயிஸ் பனியாறைப் பார்த்தேன். 1934-ல இருந்து 2010-க்குள்ள அதோட பனி சுமார் 90 சதவீதம் போயிடுச்சு. படிச்சிருந்தேன்தான், ஆனா வெறும் கல்லுக்கு நடுவுல அவ்ளோண்டு கிடக்கிறதை நேர்ல பார்த்தப்போ வயித்தைப் பிசைஞ்சுது.

நியேரி_டீச்சர்:
தம்பிங்களா, நான் ஏறினதே இல்ல, நியேரில பல வருஷம் பாடம் எடுத்தேன், ஜன்னலைத் திறந்தா மலை. பத்து மணிக்கு மேல மேகம் மூடிக்கும், விடியக்காலைல பார்த்தாதான் உண்டு. கிகூயு ஜனங்களுக்கு அது ங்காய், அதாவது அவங்க கடவுள், பூமிக்கு வந்தா தங்குற இடம். எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் சர்ச்சுக்குத் தவறாம போவாரு, ஆனாலும் மழை தப்பிப்போன வருஷம் மலையைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கி நின்னதை நானே பார்த்திருக்கேன். மேரு, எம்பு ஜனங்களும் கூட இந்த மலையைப் புனிதமாத்தான் வெச்சிருக்காங்க. டானா ஆத்துக்கு இங்கிருந்துதான் நிறைய தண்ணி போகுது, அப்போ கும்பிடத்தானே செய்வாங்க.

அந்த மூணு சிகரத்துப் பேரும் மாசாய் குருமார்களோடது, 1899-ல முதல்ல ஏறின மெக்கிண்டர் வெச்சது. அதுக்கு அம்பது வருஷம் முன்னாடி, 1849-ல, கிராஃப்ங்கிற மிஷனரி கிட்டுயி பக்கத்துல இருந்து பனியைப் பார்த்தேன்னு எழுதினப்போ ஐரோப்பாவுல நம்பவே இல்ல, பூமத்திய ரேகைல ஏது பனின்னு. அடிவாரத்து ஜனங்க தலைமுறை தலைமுறையா பார்த்துட்டு இருந்த பனி அது! 50-கள்ல வெள்ளைக்காரனை எதிர்த்த மாவ் மாவ் போராளிங்க ஒளிஞ்சிருந்ததும் இந்தக் காட்டுலதான். 1963 டிசம்பர்ல சுதந்திரம் வந்தப்போ கிசோய் முன்யாவ்னு ஒருத்தர் கொடியை மேல கொண்டு போய் ஏத்தினாரு. எங்க ஸ்கூல் பிள்ளைங்க அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கணும்.

பயணப்பித்தன்:
டீச்சரம்மா, இதெல்லாம் தெரிஞ்சிட்டு ஏறியிருந்தா அந்தக் கைடு தம்பிகிட்ட இன்னும் எவ்ளோ கேட்டிருப்பேன். அவர் ஊரு மேரு பக்கம்தான்.

புதுசு_நைரோபி:
அக்கா, அண்ணன்களா, ஜனவரில போகலாமா? எந்த வழி?

கல்லும்_மண்ணும்:
ஜனவரி, பிப்ரவரி நல்லா காஞ்சிருக்கும், தாராளமா போங்க. நான் சொன்னா சோகோரியா வழி, கார்ஜஸ் பள்ளத்தாக்கும் கீழ மைக்கேல்சன் ஏரியும் அந்தப் பக்கம்தான். நாரோ மோரு வழில சேறு ஜாஸ்தி. வேகமா ஏறாதீங்க, தலைவலியோட வாந்தியும் வந்தா கைடு சொல்றதுக்கு முன்னாடியே கீழ இறங்கிடுங்க, சிகரம் எங்கயும் போயிடாது. பனியாறைப் பார்க்கணும்னா மட்டும் தள்ளிப்போடாதீங்க.