மையக் கருத்து முதலா, வாசிப்பு முதலா? மதிய உணவுத் திட்டம் குறித்த ஆய்வுக் கட்டுரையை முன்வைத்து

நிலாமுற்றம்:
முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். இந்தப் பருவத்துக்குள் நாலாயிரம் சொற்களில் ஒரு வாதக் கட்டுரை எழுதித் தர வேண்டும். "தமிழ்நாட்டின் மதிய உணவுத் திட்டம் பள்ளிச் சேர்க்கையை உயர்த்தியது" என்று நிறுவ விரும்புகிறேன். மையக் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்ட பிறகே நூலகத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறார் என் நெறியாளர். படித்து முடிக்கும்வரை எந்தப் பக்கமும் சாயாதே என்கிறார்கள் மூத்த மாணவர்கள். எதிர்க்கருத்தைக் கட்டுரையின் எந்த இடத்தில் வைப்பது என்பதும் விளங்கவில்லை.

செழியன்:
நெறியாளர் சொல்வதே சரி. நிலைப்பாடு இல்லாமல் வாசிக்கத் தொடங்குபவர் குறிப்பேடுகளை நிரப்பிவிடுவார். அவற்றில் எது சான்று, எது வெறும் தகவல் என்று பிரிக்கும் அளவுகோல்தான் அவரிடம் இராது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு வழங்கியது, 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் திட்டத்தைத் தொடங்கி வைத்தது, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது என்று முதல் ஆயிரம் சொற்களை வரலாற்றிலேயே செலவழித்துவிடும் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துகிறேன். சொல்லப்படுபவை யாவும் உண்மை. ஆனால் சேர்க்கை உயர்ந்ததற்கு உணவே காரணம் என்பதை அவற்றுள் ஒன்றும் காட்டவில்லை.

வாக்கியத்தை எழுதுங்கள். அறிவுள்ள ஒருவர் அதை எந்த அடிப்படையில் மறுப்பார் என்று கேளுங்கள். மறுக்க ஆளே இல்லையென்றால் அது செய்தியே தவிர வாதமாகாது. கருத்து முன்னுரையின் இறுதியில் வரட்டும். சான்றுகள் நடுவில் நிற்கட்டும். எதிர்க்கருத்தும் அதற்கான மறுமொழியும் முடிவுரைக்குச் சற்று முன்னால் அமையட்டும்.

ஏட்டுச்சுவடி:
செழியன் ஐயா காட்டும் வழி விரைவானது. ஆனால் மாணவியை ஆய்வாளராக்காமல் வழக்கறிஞராக்கிவிடும். முடிவை எழுதி வைத்துக்கொண்டு தேடுபவரின் கண்ணில் அம்முடிவுக்கு உகந்தவை மட்டுமே படும். இவர் எடுத்த பொருளையே பாருங்கள். காமராசர் ஆட்சியில் உணவு மட்டும் வரவில்லை. ஊர்தோறும் புதிய பள்ளிகள் திறக்கப்பட்டன, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியாக ஊர்மக்களின் நன்கொடைகள் திரண்டன. சேர்க்கை உயர்ந்தது உணவாலா, பள்ளி நடந்து செல்லும் தொலைவுக்கு வந்ததாலா? இந்த ஐயம் வாசிப்பில்தான் எழும்; முன்கூட்டியே எழுதிய வாக்கியத்திலிருந்து எழாது.

எதிர்க்கருத்தைக் கடைசியில் ஒரு பத்தியாக ஒட்டவைப்பதையும் நான் ஏற்கவில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னும் வருகின்றன: பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுத்த பின்னரே அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையை நிறுவுகிறார். நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்களுள், அதாவது நிலைப்பாடுகளுள், "பிறர்தம் மதமேற்கொண்டு களைவே" என்பதை நன்னூல் ஒன்றாக வைத்திருக்கிறது. எதிரியின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு சொல்லிப் பார்க்கும் அந்தப் பயிற்சி நம் கல்லூரிக் கட்டுரைகளில் அறவே இல்லை.

செழியன்:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. சித்தியாரைக் கையில் எடுப்பவர் ஆசிரியர் சைவ சித்தாந்தி என்பதை வாழ்த்துப் பாடலிலேயே அறிந்துகொள்கிறார். மறுப்புகள் முன்னால் வந்தாலும் அவை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதில் வாசகருக்கு ஐயமில்லை. கல்லூரிக் கட்டுரையை மதிப்பிடுபவருக்கு அந்த முன்னறிவு கிடையாது. முதல் பக்கத்தில் கருத்தைச் சொல்லாமல் எதிர்க்கருத்துகளை அடுக்கினால், அவற்றையே உங்கள் கருத்து என்று அவர் எண்ணக்கூடும்.

கணக்கன்:
இருவரும் வரிசையைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள். எனக்கு அந்த வாக்கியத்தின் மீதே ஐயம். மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த வாத அமைப்பில், சான்றுக்கும் கூற்றுக்கும் நடுவே இரண்டையும் இணைக்கும் நியாயம் தனி உறுப்பாக நிற்கிறது. "திட்டம் வந்தது, சேர்க்கை உயர்ந்தது, ஆகவே திட்டத்தால் உயர்ந்தது" என்பதில் அந்த உறுப்பே காணோம். அதைத் தருவதற்கு ஓர் ஒப்பீடு வேண்டும்.

ஒப்பீட்டுக்கான வாய்ப்பு திட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1982 ஜூலையில் ஊரகத்திலும் அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களிலும் சத்துணவு தொடங்கியது; இந்த இடைவெளி ஒரே கல்வியாண்டுக்குள் அடங்கிவிடுவதால் பயன்படாது. ஆனால் பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கு அது 1984இல்தான் விரிந்தது. அவ்வாண்டுக்கு முன்னும் பின்னும் தொடக்க வகுப்புகளின் போக்கையும் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளின் போக்கையும் அருகருகே வையுங்கள். புதிய பள்ளிகளோ வருமான உயர்வோ மட்டுமே காரணமென்றால், 1984ஐ ஒட்டி மேல்வகுப்புகளில் மட்டும் மாற்றம் தெரிவதற்குத் தனிக் காரணம் இராது. அவ்வாண்டு மேல்வகுப்புகளை மட்டும் தொட்ட வேறு ஆணை ஏதேனும் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: சேர்க்கை வேறு, வருகை வேறு. உணவு ஒதுக்கீடு பெயர்ப்பட்டியலைச் சார்ந்திருக்கும் இடத்தில் பட்டியல் வீங்குவதற்கான தூண்டுதலும் உண்டு.

ஏட்டுச்சுவடி:
கணக்கன் ஐயா என் கட்சியையே நிறுவிவிட்டார். 1984 என்ற ஆண்டு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? வாசிப்பிலிருந்துதானே?

செழியன்:
வாசிப்பிலிருந்துதான், ஐயா. ஆனால் அதைத் தேடத் தூண்டியது எது? மாணவி எழுதிய குறையுள்ள வாக்கியம். அது இல்லாமல் அரசாணைகளைப் புரட்டியிருந்தால் 1984 என்பதும் குறிப்பேட்டில் மற்றொரு தேதியாகவே கிடந்திருக்கும். முதலில் எழுதும் வாக்கியத்தைக் கல்வெட்டாக எண்ணுவதுதான் தவறு. அது உடைபடுவதற்காகவே எழுதப்படுகிறது.

ஏட்டுச்சுவடி:
உடைக்க மனம் வரும் மாணவர் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை. இரண்டு மாதம் உழைத்துச் சேர்த்த சான்றுகள் வாக்கியத்துக்கு எதிராகத் திரும்பும்போது, பெரும்பாலோர் வாக்கியத்தை வைத்துக்கொண்டு சான்றுகளைத்தான் கைவிடுகிறார்கள். அதனால்தான் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். கேள்வியைக் காப்பாற்ற யாரும் பொய் சொல்வதில்லை.

நிலாமுற்றம்:
மூவருக்கும் நன்றி. வாக்கியத்தை இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: "1984ஆம் ஆண்டு விரிவாக்கம் நடுநிலை வகுப்புகளில் இடைநிற்றலைக் குறைத்தது, அக்குறைவைப் பள்ளிகளின் பெருக்கம் ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது." முன்னுரையும் திட்டத்தின் வரலாறும் சேர்ந்து ஐந்நூறு சொற்களைத் தாண்டாது. அடுத்து, பள்ளிப் பெருக்கமே காரணம் என்ற வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்வேன். பிறகு வகுப்புவாரி ஒப்பீடு. கட்டுரையின் பாதியளவு இதற்கே. இறுதியில் சேர்க்கைக்கும் வருகைக்கும் உள்ள வேறுபாட்டால் என் முடிவு எவ்வளவு தளர்கிறது என்பதை எழுதுவேன்.

செழியன்:
வரிசை எனக்கு உடன்பாடே. வகுப்புவாரிப் புள்ளிவிவரம் அந்த ஆண்டுகளுக்குக் கிடைக்கிறதா என்பதை இந்த வாரமே உறுதிசெய்யுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பொது வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டாம். 2001 நவம்பரில் சமைத்த உணவு வழங்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு, மாநிலங்கள் வெவ்வேறு காலத்தில் அதைச் செயற்படுத்தின. அதே ஒப்பீட்டு முறையை அங்கே கொண்டுபோகலாம். அப்போது தலைப்பிலிருந்து தமிழ்நாட்டை நீக்க வேண்டியிருக்கும். நெறியாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஏட்டுச்சுவடி:
எதிர்வாதப் பகுதியை எழுதியதும், பள்ளிப் பெருக்கமே காரணம் என்று நம்பும் ஒரு தோழியிடம் அதை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அம்மா. "இதைத்தான் நானும் சொல்கிறேன்" என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை மறுப்பை எழுதத் தொடங்க வேண்டாம்.