ஹெரால்ட் அடிப்பாகத்தில் துரு: மேலேயே தார் அடித்துவிடலாமா?

திருவான்மியூர்_ஹெரால்ட்:
வணக்கம். வண்டி 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்ட் கார். பெரியப்பா வைத்திருந்தது, இப்போது என்னிடம். வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கிறது, கீழே குனிந்து பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. யாரோ எப்போதோ அடித்த தார் கோட்டிங், அதன்மேல் டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடித்த பிசுக்கு, அதற்கும் மேல் மண். இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் தார் உப்பியிருந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியதும் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து உள்ளேயிருந்து ஈர மண் கொட்டியது. வாட்டர் சர்வீஸ்காரர் "பிரஷர் வாஷ் போட்டு இன்னொரு கோட் தார் அடிச்சா பத்து வருஷம் கவலையே இல்ல சார்" என்கிறார். அடிக்கலாமா? ஸ்டீயரிங்கும் கொஞ்ச நாளாகக் கனமாக இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பழைய_இரும்பு:
அடிக்கவே அடிக்காதீர்கள் சார். தார் காய்ந்து இறுகினால் வெடிப்பு விடும், அந்த வழியாக உப்பு ஈரம் உள்ளே போய்த் தகட்டுக்கும் தாருக்கும் நடுவில் தங்கிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்தே. நீங்கள் குத்தியது அவுட்ரிகர் என்று நினைக்கிறேன். அம்பாசடர், பத்மினியில் பாடிதான் எல்லாம், தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. ஹெரால்டுக்குத் தனி சேஸி உண்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டிப் பாடியின் ஓரத்தைத் தாங்கும் பெட்டிதான் அவுட்ரிகர். உள்ளே வெற்றுக் கூடு. மண் புகுந்து ஈரம் தங்கினால் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும்.

கோவை_கராஜ்:
அந்தக் காலத்திலிருந்து டீசல், ஆயில் அடித்து ஓட்டிய வண்டிகள் எங்கள் பக்கம் இன்னும் நன்றாக ஓடுகின்றனவே, எண்ணெய் பட்ட இரும்பு துருப்பிடிக்குமா என்ன?

பழைய_இரும்பு:
உங்கள் ஊர்க் காற்றில் உப்பு இல்லை அண்ணே, அது பாதி காரணம். எண்ணெய் துருவைத் தடுக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரப்பர் புஷ்ஷில் பட்டால் ஊதி நைந்துவிடும், பிரேக் டிரம்முக்குள் போனால் வண்டி நிற்காது.

இப்போது செய்ய வேண்டியது சுரண்டுவது, வேறு வழியில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டை நல்ல கெட்டியான சேஸி ரெயிலில் வையுங்கள், அவுட்ரிகரில் வேண்டாம். தாரை ஹீட் கன்னால் இளக்கி, பட்டி போடும் தகட்டால் வழித்தால் பட்டை பட்டையாக வரும். பெட்ரோல் லைன், பிரேக் பைப் பக்கம் சூடு காட்டக் கூடாது, கையால்தான். மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம், ஆனால் ஹீட் கன் வேலை எல்லாம் முடிந்து தகடு ஆறிய பிறகு. பிரேக் டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பிரஷர் வாஷ் போடுவதானால் இதெல்லாம் முடிந்த பிறகு, அதுவும் கூடுகளின் வாய்க்கு நேராகவும் மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைக்கு நேராகவும் பீய்ச்ச வேண்டாம். அப்புறம் நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

முன்சக்கரம்:
ஸ்டீயரிங் கனம் பற்றி யாரும் பேசவில்லையே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. டயரில் காற்று சரியாக இருந்தால் அடுத்து டிரன்னியனைப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடி முனையில் மரை இருக்கும், அது வெண்கலக் கட்டைக்குள் திரும்பும், அந்தக் கட்டைதான் டிரன்னியன். அதற்கு கிரீஸ் அல்ல, 90 கியர் ஆயில்தான். பட்டறையில் கிரீஸ் கன் மாட்டும் நிப்பிளைப் பார்த்ததும் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் இறுகி மரைக்குள் போகாது, தண்ணீர் மட்டும் போகும். தண்டு துருப்பிடித்து முறிந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, பழைய அழுக்கு வெளியே வரும்வரை அடியுங்கள். அதற்கப்புறமும் கனமாகவே இருந்தால் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

திருவான்மியூர்_ஹெரால்ட்:
ஐயோ, அதில் கிரீஸ்தான் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது! சரி, வண்டியை நிறுத்திவிட்டேன். அவுட்ரிகருக்கு டிங்கரிடம் கேட்டேன், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அறுத்துவிட்டு வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார்.

பழைய_இரும்பு:
ஒவ்வொன்றாக மட்டும். எல்லாவற்றையும் அறுத்தால் பாடி இறங்கும், கதவு இடைவெளி மாறும், பிறகு கதவு சாத்தாது. அறுக்கும் முன் வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாடிக்கு முட்டுக்கொடுத்து, கதவைச் சாத்தி இடைவெளியை அளந்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டிக்கிப் பக்கம் வெல்டிங் இருந்தால் பெட்ரோல் டேங்க் வெளியே வந்தே ஆக வேண்டும். ஓட்டைமேல் ஒட்டுத் தகடு வைத்தால் வாங்காதீர்கள், நல்ல இரும்பு வரும்வரை அறுத்துப் புதுத் தகடு. வெல்டிங் முடிந்ததும் எபாக்சி பிரைமர், மேலே பெயின்ட். கூட்டுக்குள் மட்டும் நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்ப்ரே, அது இறுகாது, கீறல் பட்டாலும் இழுத்து மூடிக்கொள்ளும். மெழுகு சொட்டி நின்றதும் வடிகால் ஓட்டைகளில் கம்பி விட்டுப் பாருங்கள், பல பேர் அங்கேதான் மறுபடி அடைத்துவிடுகிறார்கள்.

திருவான்மியூர்_ஹெரால்ட்:
நன்றி சார். டிங்கர் முணுமுணுக்கிறார், ஆனால் ஒவ்வொன்றாகச் செய்ய ஒத்துக்கொண்டார். டிரன்னியனைக் கழற்றியதும் படம் போடுகிறேன்.