மளிகைப் பை வாங்க வருபவரிடம் வருமானச் சான்று கேட்கலாமா?

தராசு:
எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேசப்போவது இந்த ஒரு விஷயம்தான். மாதம் இருமுறை மளிகைப் பை கொடுக்கிறோம். கூடவே சோப்பு, நாப்கின், குழந்தைகளுக்கு டயப்பர். இதுவரை யாரிடமும் எந்தக் காகிதமும் கேட்டதில்லை. பெயர், வீட்டில் எத்தனை பேர், அவ்வளவோடு சரி. இப்போது வரிசை நீண்டுவிட்டது, பொருள் வரத்து அப்படியே நிற்கிறது. கடைசியில் நிற்பவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஆகவே வருமானச் சான்று பார்த்து அட்டை கொடுக்கலாம் என்கிறேன். குழுவில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். மனிதாபிமானம் என்ற ஒற்றைச் சொல்லோடு ஓடிவிட வேண்டாம்.

அடுக்களை:
தராசு சார், காரணத்தோடவே சொல்றேன். நானும் வேறொரு குழுவில் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். சான்று கேட்டால் யார் கழன்றுபோவார் என்று யோசித்தீர்களா? போன வாரம் வேலை போனவரிடம் இருக்கும் சம்பளச் சீட்டு அவரை வசதியானவராகவே காட்டும். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்ணின் காகிதமெல்லாம் அந்த வீட்டு அலமாரியில் கிடக்கும். தினக்கூலிக்கு யார் சான்று தருவார்? காகிதம் சேகரித்து வைப்பதே ஒரு வசதி சார். ஏமாற்ற நினைப்பவன்தான் முதல் ஆளாக சான்றோடு வந்து நிற்பான்.

குறுக்கெழுத்து:
காரில் வந்து இறங்கி இலவசப் பை வாங்கிப் போனவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம் என்ன பேச்சு?

அடுக்களை:
காரைக் கடித்துத் தின்ன முடியாது தம்பி. அது இரவல் காராக இருக்கலாம், கடன் பாக்கி உள்ள காராக இருக்கலாம், அதில்தான் அவர் வேலைக்கே போகலாம். அதை விற்றுவிட்டு வந்தால்தான் பை என்றால், அடுத்த மாதம் வேலையும் போய் நிரந்தரமாக உங்கள் வரிசைக்கு வந்துவிடுவார்.

தராசு:
உணர்ச்சி வேறு, நடைமுறை வேறு அடுக்களை. உலகத்தில் பெரிய அளவில் இதைச் செய்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. பிரிட்டனில் டிரஸ்ஸல் அமைப்பின் உணவு வங்கிக்கு, அதாவது நன்கொடை உணவைச் சேர்த்து இலவசமாகக் கொடுக்கும் மையத்துக்கு, பொதுவாகப் பரிந்துரைச் சீட்டோடுதான் போக வேண்டும். மருத்துவர், சமூகப் பணியாளர், ஆலோசனை மையம் என்று யாராவது நிலைமையைக் கேட்டறிந்து சீட்டு தருவார்கள். பிரான்சில் 1985இல் நகைச்சுவை நடிகர் கொலுஷ் தொடங்கிய 'ரெஸ்தோ தியு கெர்' அமைப்பில் வருமானத்தைப் பார்த்துதான் பதிவு. 2023இல் அவர்களுக்கே பணம் தட்டுப்பட்டு, இனி எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பொருள் குறையும்போது யாரோ ஒருவருக்கு இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதை நியாயமாகச் சொல்ல ஒரு அளவுகோல் வேண்டாமா? இப்போது எங்களிடமும் அளவுகோல் இருக்கிறது. யார் சீக்கிரம் வருகிறாரோ அவருக்கு. கைக்குழந்தை இருப்பவளும் இரவு ஷிப்ட் முடித்து வருபவனும் அதில் தோற்கிறார்கள்.

அடுக்களை:
கடைசி வரியில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதற்கு மருந்து சான்று இல்லை, நேரம் எழுதிய டோக்கன். பத்து மணி டோக்கனுக்கு ஒரு பங்கு, நான்கு மணி டோக்கனுக்கு ஒரு பங்கு என்று முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டால் விடியற்காலையில் வந்து இடம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

டிரஸ்ஸலைச் சொன்னீர்கள். அந்தச் சீட்டு வாங்க முதலில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். அதற்குக் கூசி வராமலே போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் ஏற மாட்டார்கள். பிரிட்டனிலேயே சீட்டு கேட்காத தனி உணவு வங்கிகள் நிறைய நடக்கின்றன. அமெரிக்காவில் அரசுப் பொருளைக் கொடுக்கும் மையங்கள் பலவற்றில், வருமானம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வந்தவரே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். காகிதத்தைத் துருவுவதில்லை.

இன்னொன்று. சான்று சரிபார்க்க வாசலில் இரண்டு பேரை உட்கார வைப்பீர்கள். அந்த இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்? பின்கட்டில் பொருள் பிரிப்பவர்களிலிருந்துதான். எங்கள் பின்கட்டை வந்து பாருங்கள். நன்கொடைப் பெட்டியைக் கவிழ்த்தால் உப்பிய டின் ஒரு பக்கம், தையல் ஓரம் நசுங்கிய டின் ஒரு பக்கம். இரண்டையும் தூக்கி எறிந்தே ஆக வேண்டும். தேதி முடிந்தது தனி. அதிலும் 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றிருந்தால் குப்பை. 'இந்தத் தேதிவரை சுவை நன்றாக இருக்கும்' என்றிருந்தால் கொடுக்கலாம். இது தெரியாத புது ஆள் நல்லதை எறிந்துவிட்டுக் கெட்டதைப் பையில் போடுவார். ஒரு கை குறைந்தால் அங்கே எவ்வளவு வீணாகும் தெரியுமா? ஏமாற்றுபவர் எடுத்துப்போகும் பையைவிட அது அதிகம் சார்.

வெயில்மனிதன்:
தோழர்களே, இருவருமே தவறான தளத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966 உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு போதிய உணவை உரிமை என்கிறது. உரிமை என்றால் அதற்குப் பொறுப்பு அரசு, உங்கள் தன்னார்வலர் மேசை அல்ல. நீங்கள் பை கொடுக்கக் கொடுக்க அரசுக்கு நிம்மதி.

கொலுஷ் தொடங்கியபோது அது ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டே அவர் விபத்தில் இறந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வரிசை நிற்கிறது. முதல் உணவு வங்கி எது? 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரிஸ். கடைக் குப்பையில் உணவு பொறுக்கிய ஒரு தாய், வங்கியில் பணம் போடுவதுபோல உணவைப் போட்டு வைக்கும் இடம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னதில் பிறந்த யோசனை என்பார்கள். நல்ல யோசனைதான். இன்று அந்த நாட்டில் உணவு வங்கி இல்லாத மாநிலம் இல்லை. பசி போய்விட்டதா? டிரஸ்ஸல் வலையமைப்பு மட்டும் 2023-24இல் 31 லட்சத்துக்கும் மேல் உணவுப் பொட்டலம் கொடுத்தது. இது வெற்றிக் கணக்கா, தோல்விக் கணக்கா?

தராசு:
வெயில்மனிதன், சனிக்கிழமை காலை வரிசையில் நிற்பவர் கையில் ஐ.நா. உடன்படிக்கையின் பிரதியைக் கொடுத்து அனுப்பவா? அரசு செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. செய்யும்வரை என்ன சமைப்பது என்பதுதான் கேள்வி.

வெயில்மனிதன்:
கடையை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுப்பதோடு நின்றால் அது முட்டுக்கொடுக்கும் வேலை, அவ்வளவுதான். 1969இல் அமெரிக்காவின் ஓக்லண்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் பள்ளிக்குப் போகுமுன் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே, இதை ஏன் அரசு செய்யவில்லை என்று உரக்கக் கேட்டார்கள். 1966இல் வெள்ளோட்டமாகத் தொடங்கியிருந்த அமெரிக்க அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1975இல் நிரந்தரமானது. அதில் இவர்கள் தந்த நெருக்கடிக்கும் பங்குண்டு என்று சொல்பவர்கள் பலர். டிரஸ்ஸலை மேற்கோள் காட்டுகிறீர்களே, உணவு வங்கியே தேவைப்படாத நிலை வர வேண்டும் என்பதுதான் அவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் இலக்கு. உங்கள் குழுவுக்கு அப்படி ஏதாவது இலக்கு இருக்கிறதா?

மழைத்துளி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கொடுக்கும் பக்கம் இல்லை, வாங்கிய பக்கம். கணவர் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் வாங்கினேன். எங்கள் மையத்தில் அமைப்பின் பெயர் பெரிதாக அச்சிட்ட பை தருவார்கள். வெளியே வந்ததும் எல்லோரும் ஓரமாக நின்று, பொருளை வேறு பையில் மாற்றிக்கொண்டு, அந்தப் பையை மடித்து உள்ளே வைப்போம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சான்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் தராசு அண்ணா. மருத்துவமனைச் சீட்டு கத்தை கத்தையாக இருந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது போட்டோதான். பையைக் கையில் கொடுத்து, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா என்பார்கள். அப்புறம் ஒன்று, எங்கள் வீட்டில் அப்போது அடுப்பு எரிய வழியில்லை. ஊற வைத்து வேக வைக்கும் பொருளாகப் பையில் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்து வேக வைத்து வாங்கினேன்.

அடுக்களை:
மழைத்துளி, இதை எழுதினதுக்கு நன்றிம்மா. எங்கள் குழுவில் கேட்கும் முதல் கேள்வியே "அடுப்பு இருக்கா, பாத்திரம் இருக்கா"தான். பிரிட்டனில் சில உணவு வங்கிகள் வெந்நீர் மட்டும் போடக்கூடியவர்களுக்கு என்று தனிப் பெட்டியே கட்டுகிறார்கள். வெந்நீரும் போட வழியில்லாதவர்களுக்கு, அப்படியே பிரித்துச் சாப்பிடும் பெட்டி. வருமானச் சான்றில் இதெல்லாம் தெரியாது தராசு சார்.

போட்டோ விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. நன்கொடையாளர் கேட்டால் அடுக்கி வைத்த பைகளைப் படமெடுத்து அனுப்பட்டும்.

குறுக்கெழுத்து:
நன்கொடையாளருக்கு முகம் தெரிந்தால்தான் பணம் வரும். இது யதார்த்தம்.

அடுக்களை:
உங்கள் முகத்தை அனுப்பிப் பாருங்கள், வருகிறதா என்று.

தராசு:
மழைத்துளி சொன்னதைப் படித்தேன். போட்டோவை நிறுத்துவதில் எங்கள் குழுவில் பெரிய எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன். ஆனால் என் மூலக் கேள்வி அப்படியே நிற்கிறது. பத்துப் பை இருந்து பதினைந்து பேர் வந்தால்? அடுப்பு இருக்கிறதா என்று அன்போடு கேட்டாலும் பை பதினைந்தாகாது.

அடுக்களை:
பதினைந்தாகாது, ஆனால் பன்னிரண்டாகலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கட்டிய பையாகக் கொடுக்கும்போது வேண்டாததும் சேர்ந்து போகிறது. மேசையில் பரப்பி, இத்தனை பொருள் உங்கள் பங்கு, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்பாருங்கள். சர்க்கரை நோயாளி வீட்டுக்கு இனிப்பு டின் போகாது. பல நாடுகளில் இப்போது இப்படித்தான் மாறி வருகிறார்கள்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இன்று ஃபீடிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்கும் உணவு வங்கிக் கூட்டமைப்பில், 2005 வரை பொருளை வரிசை முறையில் தலைமையகமே ஒதுக்கியது. உருளைக்கிழங்கு விளையும் மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு போய் இறங்கும். பிறகு சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்களோடு உட்கார்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். ஒவ்வொரு உணவு வங்கிக்கும் நிஜப் பணமில்லாத புள்ளிகள். ஏழைகள் அதிகமுள்ள பகுதிக்கு அதிகப் புள்ளி. அதை வைத்து வேண்டிய பொருளை ஏலம் கேட்கலாம். நன்கொடையில் நிரம்பி வழிவதற்கு யாரும் புள்ளியைச் செலவழிக்கவில்லை, அரிதான பொருளுக்குப் போட்டி போட்டார்கள். ஏலம் என்றதும் முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு, சந்தைக் கடையாக்குகிறீர்களா என்று. எனக்கும் ஏலம் என்ற பேச்சு அவ்வளவு பிடிக்காது. ஆனால் எது தேவை என்பது நிற்பவருக்குத்தான் தெரியும் என்ற அடிப்படை சரி.

வெயில்மனிதன்:
வரத்தைக் கூட்டும் வழியையும் பேசுங்கள். பிரான்சில் 2016 சட்டப்படி 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பல்பொருள் அங்காடிகள் விற்காத உணவை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது. தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் வீடு, கடை, உணவகம் மூன்றிலுமாக வீணானது 105 கோடி டன்.

தராசு:
அந்த 105 கோடியில் 60 விழுக்காடு வீடுகளில் வீணாவது. அதை எந்த லாரி வைத்து அள்ளுவீர்கள்? கடைக்குச் சட்டம் போட்டால் மிச்சம் எங்கள் பின்வாசலுக்கு வரும். பிரிக்கும் கை, குளிர்பெட்டி, மின்கட்டணம், அழுகியதை அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் எங்கள் தலையில். கடைக்குக் குப்பைச் செலவு மிச்சம், வரிச்சலுகை லாபம். மேலும் மிச்ச உணவில் சோப்பும் நாப்கினும் வருமா? அமெரிக்காவில் அரசின் உணவு உதவி அட்டையில்கூட சோப்பு, டயப்பர் வாங்க முடியாது. அதற்காகவே டயப்பர் வங்கி என்று தனி அமைப்புகள் முளைத்திருக்கின்றன.

வெயில்மனிதன்:
நல்ல இடத்துக்கு வந்தீர்கள். மாதவிடாய்ப் பொருள்களை முதலில் யார் கொடுத்தார்கள்? தொண்டு அமைப்புகள். ஸ்காட்லாந்தில் விடாமல் கேட்டுக்கேட்டு 2021இல் சட்டமே வந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து தேவைப்படும் எவருக்கும் உள்ளாட்சி இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். உலகத்தில் முதல் நாடு. அங்கே வருமானச் சான்று கேட்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தராசு:
ஒரு நாட்டின் கஜானாவையும் எங்கள் உண்டியலையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

சரி, கூட்டத்துக்கு இப்படிக் கொண்டுபோகிறேன். வருமானச் சான்றுக்குப் பதில் அவரவர் எழுதிய உறுதிமொழி, ஒரு கையெழுத்து. நேர டோக்கன். மாலை டோக்கனுக்கு மூன்றில் ஒரு பங்கு தனியாக எடுத்து வைப்பது. மேசையில் பரப்பித் தேர்ந்தெடுக்க விடுவது ஒரு முறை மட்டும் சோதனையாக. போட்டோ கிடையாது. ஆனால் முகவரி எழுதித்தான் ஆக வேண்டும். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் மூன்று பெயரில் வந்தால் எனக்குத் தெரிய வேண்டும். ஆறு மாதம் பார்ப்போம். பொருள் அப்போதும் போதவில்லை என்றால் சான்றை மறுபடி மேசைக்குக் கொண்டுவருவேன், அதில் மாற்றமில்லை.

அடுக்களை:
முகவரி வேண்டாம். தெருவில் படுப்பவர் என்ன எழுதுவார்? ஓடிவந்தவள் எழுதிய முகவரி யார் கண்ணில் படும்? பெயரும் பிறந்த ஆண்டும் போதும், இரட்டிப்பைக் கண்டுபிடிக்க.

தராசு:
பிறந்த ஆண்டை வைத்து ஒரே வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. முகவரியைக் குழுவில் வாக்குக்கு விடுகிறேன். நான் முகவரிக்குத்தான் வாக்களிப்பேன்.

வெயில்மனிதன்:
படிவத்தில் ஒரு கட்டம் எனக்காக. அன்று வெறுங்கையோடு திரும்பியவர் எத்தனை பேர். மாதாமாதம் அந்த எண்ணை உள்ளாட்சிக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். கொடுத்த கணக்கை எல்லோரும் அனுப்புகிறார்கள், கொடுக்க முடியாமல் போன கணக்கு யாரிடமும் இல்லை.

தராசு:
அதைச் சேர்க்கலாம். வாசலில் நிற்பவர் கோடு போட்டால் போதும்.

மழைத்துளி:
படிவத்தில் டயப்பர் அளவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள் அண்ணா. சின்ன அளவைத்தான் எல்லோரும் நன்கொடையாகக் கொடுக்கிறார்கள். என் பையனுக்கு அப்போது இரண்டு வயது, ஒன்றுகூடப் பத்தவில்லை.