ருசிபார்த்தவன் சாப்பிட்டவன் இல்லையா?

வழிப்போக்கன்:
நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன் இரட்சிப்பை இழக்கவே முடியாது. எபிரெயர் நிருபம் 6-ம் அதிகாரத்தில் விசுவாசத்தை மறுதலித்துப்போகிறவர்கள் இரட்சிக்கப்பட்டவர்களே இல்லை, சும்மா ருசிபார்த்தவர்கள்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த அதிகாரத்தில் சொல்லப்படுகிறவன் பிரகாசிப்பிக்கப்பட்டான், பரம ஈவை ருசிபார்த்தான், பரிசுத்த ஆவியைப் பெற்றான். இத்தனைக்கும் பிறகு அவன் இரட்சிக்கப்படவில்லை என்றால் வேறு யார்தான் இரட்சிக்கப்பட்டவன்?

கற்பாறை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் பிரதர், கடிக்க மாட்டேன். உப்பு சரியா என்று நாக்கில் விட்டுப் பார்ப்பவருக்கு வயிறு நிறைந்துவிடுமா? மத்தேயு 27:34 பாருங்கள். சிலுவையருகே கொடுத்த காடியை இயேசு "ருசிபார்த்து, குடிக்க மனதில்லாதிருந்தார்". ருசிபார்ப்பது வேறு, உட்கொள்வது வேறு.

வழிப்போக்கன்:
அப்படியா? எபிரெயர் 2:9-ல் அவர் எல்லாருக்காகவும் மரணத்தை ருசிபார்த்தார் என்று இருக்கிறதே. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டாரா? ஒரே நிருபம், ஒரே வார்த்தை, நாலு அதிகாரம்தான் இடைவெளி. நீங்கள் மத்தேயுவுக்கு ஓடுகிறீர்கள்.

திராட்சைக்கொடி:
இரண்டு பேரும் முதலில் இரட்சிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? பவுல் அதை முடிந்த காரியமாகவும் சொல்கிறார் (எபேசியர் 2:8), நடந்துகொண்டிருப்பதாகவும் சொல்கிறார் (1 கொரிந்தியர் 1:18), இனி வரப்போவதாகவும் சொல்கிறார் (ரோமர் 5:9). இதில் எதை இழக்கலாம், எதை இழக்க முடியாது?

கற்பாறை:
2:9-ல் சூழல் வேறு. தமிழை வைத்துக்கொண்டு கிரேக்கத்துக்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

வழிப்போக்கன்:
கிரேக்கத்திலும் அதே வினைச்சொல்தான் ஐயா! அப்போஸ்தலர் 10:10-ல் பேதுருவுக்குப் பசி வந்தபோது வருவதும் அதுதான். அங்கே தமிழில் "சாப்பிட" என்றே போட்டிருக்கிறார்கள்.

கற்பாறை:
அங்கேயும் பேதுரு சாப்பிடவில்லை. ஆசைப்பட்டதோடு சரி. அதற்குள் தரிசனம் வந்துவிட்டது. :)

பழையபேனா:
இந்தச் சண்டைக்கு நானூறு வயது. டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610-ல் ஐந்து கட்டுரைகள் கொடுத்தார்கள். ஐந்தாவதில், இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் எழுதினார்கள். 1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் சீர்திருத்த சபைகளின் சங்கம் கூடி, விசுவாசிகள் கடைசிவரை காக்கப்படுவார்கள் என்று தீர்மானித்தது.

வழிப்போக்கன்:
சங்கம் கூடித் தீர்மானித்தால் 2:9 அழிந்துவிடுமா? 1547-ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும்தான் கூடியது. கிருபையை இழக்கலாம் என்று சொன்னது. அதை ஏற்பீர்களா?

பழையபேனா:
நான் வரலாறு சொன்னேன். என் மேல் ஏன் பாய்கிறீர்கள்?

வழிப்போக்கன்:
போன மாதமும் இப்படித்தான் "வரலாறு" என்று நுழைந்து கற்பாறைக்குக் குடை பிடித்தீர்கள். மறக்கவில்லை.

சரி, ஒன்று சொல்கிறேன். என்னை ஆண்டவரிடம் நடத்தியவர் இருபது வருடம் ஊழியம் செய்தவர். இன்று கடவுளே இல்லை என்கிறார். அவர் கொடுத்த வேதாகமம் என் மேசைமேல் கிடக்கிறது. யோவான் 10:28-ல் "ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை" என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு, ஓரத்தில் அவர் கையெழுத்தில் "ஆமென்". இவர் வெறும் உப்பு பார்த்தவரா?

கற்பாறை:
வருத்தமாக இருக்கிறது. ஆனால் பிரிந்துபோனவர்களைப் பற்றி 1 யோவான் 2:19: "அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை".

வழிப்போக்கன்:
பார்த்தீர்களா, ஒரே வரியில் போலி ஆக்கிவிட்டார். உங்கள் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. நிலைத்தால் உண்மையான விசுவாசி, விழுந்தால் ஆரம்பத்திலிருந்தே போலி. அப்படியானால் நீங்கள் உண்மையா போலியா என்று சாகும்வரை உங்களுக்கே தெரியாதே? இதற்குப் பெயர் நிச்சயமா?

கற்பாறை:
நான் ஒன்று கேட்கிறேன். அதே எபிரெயர் 6, அப்படி விழுந்தவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்" என்கிறது. உங்கள் விளக்கப்படி அந்த மனிதர் இனி திரும்பி வரவே முடியாது. என் விளக்கப்படியாவது அவருக்கு வாசல் திறந்திருக்கிறது. ஏற்கிறீர்களா?

திராட்சைக்கொடி:
இது நல்ல கேள்வி. நான் மேலே கேட்டதும் நல்ல கேள்விதான், யாரும் கண்டுகொள்ளவில்லை.

வழிப்போக்கன்:
பேச்சை மாற்றாதீர்கள். அவர் வருவாரா மாட்டாரா என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். நான் கேட்டது ருசிபார்த்தலைப் பற்றி.

பழையபேனா:
குடை பிடித்தேன் என்றதைத் திரும்பப் பெற்றால் நல்லது.

வழிப்போக்கன்:
பெற மாட்டேன். எபிரெயர் 2:9-க்குப் பதில் வரும்வரை இங்கிருந்து நகரவும் மாட்டேன்.

கற்பாறை:
மத்தேயு 27:34.