மறு: அப்பாப்டோசிஸ் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருச்சியிலிருந்து:
வணக்கம். செவிலியர் பாடநூலில் விரை முறுக்கம் பற்றிய இயல் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். விரைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடுகிறது, சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்பது வரை சிக்கலில்லை. பிரித்து ரத்தம் திரும்பப் பாயும்போது இன்னொரு சேதம் தொடங்குகிறது. விந்தணுவை உண்டாக்கும் செல்கள் பல 'அப்பாப்டோசிஸ்' முறையில், அதாவது தம்மைத் தாமே அழித்துக்கொண்டு, சாகின்றன. காயத்தால் செல் சிதைந்து சாகும் 'நெக்ரோசிஸ்' நசிவு என்றாகிவிட்டது. அப்பாப்டோசிஸுக்குத் தமிழில் என்ன? 'செல் தற்கொலை' என்று எழுதக் கை வரவில்லை.

மதுரையிலிருந்து:
1972இல் நோயியலாளர்கள் கெர், வைலி, கரி மூவரும் அச்சொல்லை அறிமுகம் செய்தபோது எடுத்துக்கொடுத்தவர் அபர்டீனில் கிரேக்கம் கற்பித்த கார்மக். இலையோ இதழோ உதிர்வது என்று பொருள். நம்மிடம் அரும்பு, முகை, மலர், அலர், வீ என்று வரிசையே இருக்கிறதே! வீ என்றால் உதிரும் பூ. வீதல் என்றால் சாதல். 'அளவல்ல செய்தாங்கே வீவர்' (குறள் 289). பூவும் சாவும் ஓரெழுத்தில் அமைவது கிரேக்கனுக்கும் வாய்க்காதது. 'செல்வீவு' என்க.

சென்னையிலிருந்து:
ஐயா, அழகுதான். ஆனால் என் மாணவிகள் 'செல் வியூ' என்று வாசித்துவிட்டு மைக்ராஸ்கோப்பைத் தேடிப் போவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் செல் இல்லை, கலம்தான். 'கலவீவு' என்றால் அந்தக் குழப்பம் வராது.

மதுரையிலிருந்து:
கலம் கப்பலும் ஆகும், பாத்திரமும் ஆகும், நகையும் ஆகும். அணிகலன் என்பதில்…

திருச்சியிலிருந்து:
ஐயா, நகையை அப்புறம் பார்ப்போம். 'செல் உதிர்வு' போதாதா?

சென்னையிலிருந்து:
போதாது. இந்தக் காயத்தில் விந்துக் குழல்களின் சுவரிலிருந்து செல்கள் கழன்று உள்ளே விழுவதும் உண்டு. உதிர்வு அதற்குத்தான் பொருந்தும். அப்பாப்டோசிஸில் செல் சுருங்கி, துண்டாகி, அக்கம்பக்கத்துச் செல்களால் விழுங்கப்படுகிறது. 'தன்மடிவு' ஏற்கெனவே புழங்குகிறது, அதையே போடுங்கள்.

திருச்சியிலிருந்து:
சரி. அதே இயலில் 'ஹீட் ஷாக் புரோட்டீன்' என்றும் வருகிறது. அதற்கு 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்று போடலாமா? இங்கே வெப்பமே இல்லையே.

சென்னையிலிருந்து:
1962இல் ரிடோசா என்ற ஆய்வாளர் பழ ஈக்களைச் சூடாக்கியபோது கண்ட விளைவிலிருந்து வந்த பெயர் அது. ஆக்சிஜன் குறைந்தாலும் செல் இவற்றை உண்டாக்கும். இவற்றில் ஒன்றான எச்எஸ்பி70 கெட்டுப்போகும் புரதங்களைச் சரியாக மடிக்க உதவும், அப்பாப்டோசிஸை நடத்தும் நொதிகளான காஸ்பேஸ்கள் கிளம்புவதையும் தடுக்கும். அதனால் 'காப்புப் புரதம்'.

மதுரையிலிருந்து:
இவ்வகைப் புரதத்தை ஆங்கிலத்தில் 'சாப்பரோன்' என்று, இளம்பெண்ணுக்குத் துணைக்கு வரும் மூத்த பெண்ணின் பெயரால் அழைக்கிறார்கள். அகத்திணை படித்த நாம் 'செவிலிப் புரதம்' என்று சொல்ல வேண்டாமா?

சென்னையிலிருந்து:
செவிலியர் பாடநூலில் செவிலிப் புரதமா? டியூட்டி ரோஸ்டரில் சேர்த்துவிடுவார்கள்.

திருச்சியிலிருந்து:
சென்னை சொன்ன 'தன்மடிவு', 'காப்புப் புரதம்' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நாளை அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அனுப்ப முதல் ஒன்று. 'புரதம் சரியாக மடிந்தால் கலம் மடியாது' என்று அதே பத்தியில் வரப்போகிறது. பிள்ளைகள் எந்த மடிதலை எங்கே வைப்பார்கள்?

மதுரையிலிருந்து:
அதற்குத்தான் வீவு என்றேன்.