புதுப்பிப்பு: பைத்தானுக்குள் இருந்து என்மேப் ஓட்டினால் நிரல் பாதியில் தொங்குவது – தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: லினக்ஸில் சப்பிராசஸ் (பைத்தானிலிருந்து வேறு நிரலை ஓட்டும் தொகுதி) வழியாக என்மேப்பை (நெட்வொர்க்கில் எந்தக் கணினிகள் இயங்குகின்றன என்று தேடும் கருவி) ஓட்டி, அது தரும் எக்ஸ்எம்எல் வெளியீட்டைப் படித்தால் பத்துப் பன்னிரண்டு முகவரிகளுக்குச் சரியாக வரும், 256 முகவரி கொண்ட முழு நெட்வொர்க்கைக் கொடுத்தால் எந்தப் பிழையும் காட்டாமல் அப்படியே நிற்கும்.

"வெயிட்டை (முடியும்வரை வெறுமனே காத்திருக்கும் கட்டளை) எடுத்துவிட்டு கம்யூனிகேட் (வெளியீட்டைப் படித்துக்கொண்டே காத்திருக்கும் கட்டளை) போடுங்கள்" என்ற யோசனைதான் வேலை செய்தது. லினக்ஸில் ஒரு பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் வழி) வழக்கமாக 64 கிலோபைட்தான் கொள்ளும். அது நிரம்பியதும் என்மேப் மேலே எழுத முடியாமல் நிற்கிறது. நம் நிரலோ அது முடியட்டும் என்று காத்திருக்கிறது. கம்யூனிகேட் இடைவிடாமல் படித்துக்கொண்டே இருப்பதால் பைப் அடைபடாது.

டைம்அவுட்டை (நம் நிரல் காத்திருக்கும் நேர வரம்பை) கூட்டச் சொன்ன யோசனை பயன்படவில்லை. நேரம் முடிந்து என்மேப்பைக் கொன்றால் எக்ஸ்எம்எல்லின் மூடும் டேக் வராது, அதைப் படித்துப் பிரிக்கும் பார்சர் உடனே பிழை காட்டும். என்மேப்பின் சொந்த ஹோஸ்ட்-டைம்அவுட் தேர்வைக் கொடுப்பதே நல்லது: இழுத்தடிக்கும் கணினியை மட்டும் கைவிட்டு, எக்ஸ்எம்எல்லை முழுதாக முடித்துத் தரும்.

எதிர்பாராத ஒன்று: ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆக ஓட்டியபோது கூடுதல் கணினிகள் தெரிந்தன. உள்ளூர் நெட்வொர்க்கில் ரூட் என்றால் ஏஆர்பி கேள்வி (இந்த முகவரி யாருடையது என்று உள்ளூர் நெட்வொர்க்கில் கேட்பது) போகும். சாதாரணப் பயனர் என்றால் 80, 443 போர்ட்டுகளுக்கு இணைப்பு முயற்சி மட்டும்தான். அவற்றைச் சத்தமில்லாமல் தடுக்கும் ஃபயர்வால் உள்ள கணினி பட்டியலில் வராது. மேக் முகவரியும் (நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் எண்) ரூட்டுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று, எந்தக் கணினியும் கிடைக்காவிட்டாலும் என்மேப் 0 (வெற்றி) என்றுதான் திருப்பும். அதை நம்பாமல் எக்ஸ்எம்எல்லைப் பாருங்கள்.